விலைக்கு வாங்கிய கல்வியா?

தந்தையின் பொருளைச் செலவிட்டுத் தனியார் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்ற ஓர் இளைஞன், "சர்க்கார் எனக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை, என் கல்வியை நான் எவ்வாறு விற்றாலும் கேட்க எவருக்கும் உரிமையில்லை" என்று கூறுவானாயின், அக்கூற்று நியாயமாகுமா? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வீட்டை அடகு வைத்தும், சேமநிதியைக் கரைத்தும், பிள்ளைகளை டாக்டராக்க முயலும் நம்மவர் பலராகிவிட்ட இந்நாளில் இவ்வினாவை ஆராய்தல் அவசியமாகும்.

அவன் தந்தை கொடுத்த சில லட்சம் வெள்ளி எதை வாங்கிற்று? ஆசிரியரையும், நூலையும், ஆய்வுச்சாலையையும் வாங்கிற்று. ஆனால் வைத்தியம் நூலோடு முடிவதன்று. நோயாளியின் கட்டிலருகே கற்கப்படுவது. 1992-ல் தொடங்கிய புக்கிட் ஜாலில் சர்வதேச மருத்துவச் சர்வகலாசாலையின் மாணவரும் சிரம்பான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்றே நோயாளிகளிடம் பயில்கின்றனர். அத்தகைய ஆஸ்பத்திரியில், பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன மூதாட்டி ஒருத்தி, பத்து மாணவர் ஒருவர்பின் ஒருவராகத் தன் நெஞ்சின் ஒலியைக் கேட்கப் பொறுமையோடு இடந்தருகிறாள். அவளுக்குக் கிடைத்த கூலி யாது? பட்டம் பெற்ற பின்னரும் இரண்டாண்டுப் பயிற்சி சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே, அவளையொத்த ஏழைகளிடத்திலேயே நிகழ்கிறது.

ஆகவே அவ்விளைஞனுக்குக் கடன் கொடுத்தோர் இருவர்: ஒருவர் தந்தை, மற்றொருவர் நோயாளி. தந்தையின் கடனை வெள்ளியால் தீர்க்கலாம். நோயாளியின் கடனையோ அடுத்த நோயாளியிடத்துத்தான் தீர்க்க முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2016-ம் ஆண்டு இறுதி முதல் சர்க்கார் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்தத் தொடங்கியது. நிரந்தர டாக்டர்களுக்கிருந்த மேற்படிப்பு உதவி தமக்கில்லை என்பது அன்று அவர்தம் குறைகளுள் ஒன்றாயிருந்தது. 2021 ஜூலை 26-ந் தேதி அவர்கள் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாடறியும். ஒப்பந்தம் என்ற சொல்லின் கசப்பை நம் தோட்ட மக்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1910-ல் ஒழிந்த ஒப்பந்தக்கூலி முறையை அவர்தம் முன்னோர் அனுபவித்தவர்கள். நிலையற்ற வேலையில் வைத்துக்கொண்டு இளைஞரை மட்டும் தியாகம் செய்யச் சொல்வது நீதியன்று. அக்குறையைத் தீர்க்கும்படி கேட்பது அவர்கள் உரிமை. எனினும், சர்க்கார் செய்த குறைக்கு நோயாளியிடம் வட்டி வாங்குவது எந்த நீதியைச் சேர்ந்தது?

இனி, மேற்படிப்பு. எத்துறையில் வருமானம் மிகுதி, எத்துறை கல்யாணச் சந்தையில் விலை பெறும் என்பதே நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்வியாயிருக்கிறது. மாப்பிள்ளையின் பட்டத்தை நிறுத்து வரதட்சிணை பேசும் சமூகம், அவனிடம் பேராசையைக் கண்டு வருந்துவதில் பொருளில்லை. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்ஸன், மலேரியாவால் மடிந்தவர்களைக் கண்டு மருந்து கொடுத்ததோடு நில்லாது, சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார். நோய் தணிந்தது. ஒரு நோயாளியிடமும் பெறமுடியாத பெருமை அது. இன்று இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரினும் மிகுதியாகக் காணப்படுகிறது. அதனால் சிறுநீரகமும், கண்ணும், காலும் இழப்போர் நம் உறவினரே.

பொருளீட்டுதல் குற்றமன்று, கடனடைக்க வேண்டியவன் ஈட்டத்தான் வேண்டும். ஆனால் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது, "எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதோடு, "யாருடைய நோய் தீரும்?" என்பதையும் இளைஞன் கேட்பானாக. அக்கேள்வியைக் கேட்கும் துணிவை அவனுக்கு அளிக்க வேண்டியவர்கள் பெற்றோரே.