முகப்பும் மனிதரும்

கற்பிட்டியின் பழைய தெருவொன்றில் ஒரு வீடு இருக்கிறது. தடித்த சுவர், ஓட்டுக்கூரை, அகன்ற விறாந்தை. அதன் பின்கட்டில் கடற்றொழிலாளி ஒருவரின் குடும்பம் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தது. அக்குடும்பத்துச் சிறுமி எம் வகுப்பில் படித்தாள். வெளியூர்ச் செல்வர் ஒருவர் அவ்வீட்டை வாங்கினார். ஒழுகிய கூரை ஒழுகியபடியே இருக்க, தெருவை நோக்கிய சுவர் மட்டும் புதிய சீமெந்துப் பூச்சும் பளபளக்கும் வர்ணமும் பெற்றது. சாரத்தில் நின்ற மேசனிடம், உட்புற வேலை எப்போது என்று கேட்டோம். "இது இருக்கிறவங்களுக்கு இல்ல சேர், வாங்க வாறவங்களுக்கு" என்றார். சில மாதங்களில் வீடு கூடிய விலைக்குக் கைமாறியது, குடும்பம் வெளியேறியது. எமது வரவுப் பதிவேட்டில் ஒரு பெயர் வெட்டப்பட்டது.

வெளிப்புறத்தைப் புதுப்பித்து வீட்டை விற்பது குற்றமா? சட்டப்படி குற்றமன்று. அறத்தின்படி யாது? ஆத்திரமின்றி ஆராய வேண்டிய கேள்வி இது.

முதலில், மறுதரப்பின் நியாயத்தைக் கேட்போம். முதலீட்டாளர் பணம் போட்டார். மேசனுக்கும் கூலியாளுக்கும் வேலை கிடைத்தது. சிதைந்த சுவர் சீர்பெற்றது. இவற்றை மறுப்பதற்கில்லை. இடிந்த சுவரில் புனிதம் எதுவுமில்லை. அழகு செல்வருக்கு மட்டும் உரியதென்று எந்த முற்போக்காளனும் சொல்லமாட்டான்.

ஆனால், சுவரின் கடமை என்ன? வெயிலையும் மழையையும் உப்புக்காற்றையும் தாங்கி, உள்ளே வாழ்வோரைக் காப்பதல்லவா? 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனது. இக்கரையின் பழஞ்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தை நம்பி நிற்பவை. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடும். உப்பைத் தான் ஏற்று உதிரும். காலத்துக்குக் காலம் மீண்டும் பூசவேண்டும். இறுகிய சீமெந்துப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட உப்பு, பூச்சின் பின்னே படிகமாகி, கல்லையே அரிக்கும். அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்து பாலாவியில் சீமெந்து செய்யும் மாவட்டத்தவர் நாம். சீமெந்தின்மீது எமக்குப் பகையில்லை. பழஞ்சுவருக்கு அது பொருந்தாது என்பதே செய்தி. எனினும் விற்பவருக்குச் சில மாத மினுக்கம் போதும். குடியிருப்பவருக்கன்றோ ஆண்டுக்கணக்கில் சுவர் நிற்க வேண்டும்! பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் ஒரே சுவரில் மோதிக்கொள்வதை இதைவிடத் தெளிவாக எங்கே காண்பது?

அடுத்து, ஏறிய விலை எங்கிருந்து வந்தது? வர்ணத்தின் செலவைக் கழித்தாலும் பெருந்தொகை மிஞ்சுகிறதே! 2009இல் போர் முடிந்தபின், டொல்பின் பார்க்கவும் அலைமீது பட்டம் பிடித்துச் சறுக்கவும் உல்லாசப் பயணிகள் இக்குடாநாட்டை நாடி வந்தனர். காற்றையும் கடலையும் எவரும் முதலீடு செய்யவில்லை. பாதை பொதுப்பணத்தில் போடப்பட்டது. ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் கரைவலை இழுத்தவர்களும் கருவாடு உலர்த்தியவர்களும் ஆவர். எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பை ஒருவர் தம் பையிலிட்டு, அதை உண்டாக்கியவர்களுள் ஒருவரை வெளியே அனுப்புகிறார். அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இது கற்பிட்டியின் கதை மட்டுமன்று. 1845இல் வெளியான தமது நூலில் ஏங்கெல்ஸ், மான்செஸ்டரின் பெருந்தெருக்களில் வரிசையாக நின்ற கடைகள், பின்னாலிருந்த தொழிலாளர் சேரிகளைச் செல்வரின் கண்ணுக்குப் படாமல் மறைத்ததை விவரித்தார். எமது நாட்டிலேயே காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அங்கே பழைய முகப்புகளைக் காக்க விதிகள் உண்டு. முகப்புகள் நிற்கின்றன, அவற்றின் பின்னே வாழ்ந்த குடும்பங்கள் பல விற்றுச் சென்றுவிட்டன, வீடுகள் விடுதிகளாயின. அந்நியருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்த 2014இல் 38ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வாங்குபவர் எந்நாட்டவர் என்று அச்சட்டம் கேட்கிறது. உள்ளே இருந்தவர் எங்கே போனார் என்று அது கேட்பதில்லை.

புத்தளத்தவர் இக்கேள்வியை மறக்கலாகாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பல்லாயிரவர் இம்மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். சுவர் என்றால் என்னவென்று அவர்கள் அறிவார்கள். பிள்ளையைப் பாம்புக்கும் மழைக்கும் அஞ்சாமல் உறங்க வைப்பது எதுவோ, அதுவே சுவர்.

ஆகவே எமது முடிவு இது. புதுப்பியுங்கள், ஆனால் கூரையையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் சீர்செய்த பின்னர் முகப்புக்கு வாருங்கள். குடியிருப்போர் தொடர்ந்து இருக்கும் உரிமையை எழுத்தில் தந்த பின்னர் விலை பேசுங்கள். உள்ளூராட்சிச் சபைகள் கட்டட அனுமதி கொடுக்கும்போது, வரைபடத்தோடு அங்கு வாழ்வோரின் பெயர்ப்பட்டியலையும் கேட்கட்டும். இதனைக் கோருவது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணியே. வெட்டப்படும் பெயர்களை முதலிற் காண்பவர்கள் நாமல்லவா?