நாய் குரைக்கும் இடம்

பதினெட்டு வயதில் ஒரு கொப்பி நிறையக் கதை எழுதினேன். 2014இல் பாலம் வருமுன்னர் பலதும் மண்முனைத்துறையில் பாதை என்னும் மிதவையேறித்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக்கு வரும். தமிழ்நாட்டு வாரப்பத்திரிகைகளும் அப்படித்தான் பல கை மாறி, அட்டை கிழிந்து கொக்கட்டிச்சோலைக்கு வந்தன. புஷ்பா தங்கதுரையின் தொடர்களை ஒளித்துவைத்துப் படித்தேன். அவரைப் போலவே எழுதவும் செய்தேன். துண்டு துண்டான வாக்கியம், நனைந்த சேலை, கதவுக்கு வெளியே காலடி. அத்தியாயம் முடியும்போது விளக்கு அணையும்.

படித்த கூட்டாளி கொப்பியை மூடிவிட்டுச் சொன்னான்: "எழுத்து அச்சா அவர்தான் மச்சான். ஆனா இந்தப் பொம்புளைக்கு அம்மா இல்லையா? வீட்டுல ஒருத்தரும் இல்லையா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

புஷ்பா தங்கதுரையின் இன்னொரு பெயர் ஸ்ரீவேணுகோபாலன். அந்தப் பெயரில்தான் 'திருவரங்கன் உலா' எழுதினார். காமமும் மர்மமும் கலந்த தொடர்களை எழுதிய அதே கை, அரங்கனின் சிலையைச் சுமந்துகொண்டு காடுகளில் அலைந்தவர்களையும் எழுதியது. நடை என்பது அவருக்கே உடுத்திக் களையும் உடுப்பாக இருந்திருக்கிறது. ஆகவே பிறர் நடையை உடுத்திப் பார்த்தது பிழையென்று நான் நினைக்கவில்லை. எழுதப் பழகுகிறவன் யாரோ ஒருவரின் குரலில்தான் தொடங்குவான். ஆனால் நான் எடுத்துக்கொண்டது சேலையையும் விளக்கையும் மட்டும். சரோஜாதேவி என்ற பெயரில் யார் யாரோ எழுதித் தள்ளிய மலிவுப் புத்தகங்களிலும் அவை இருந்தன. ஒன்றைப் படித்தால் மற்றதைப் படிக்கத் தேவையில்லை. அவற்றில் யாரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

காத்திருப்பை எனக்குக் காட்டியது ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ.வின் 'சடங்கு' நாவல். மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். 'தீ' நாவலுக்காக ஆபாச எழுத்தாளர் என்று ஏசப்பட்டவர். 'சடங்கு' கதையில் கொழும்பில் வேலை பார்க்கும் கணவன் விடுமுறையில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகிறான். மனைவியோடு சற்று நேரம் தனித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீடும் பிள்ளைகளும் உறவும் குறுக்கே வந்துகொண்டேயிருக்கின்றன. கொலையில்லை, துப்பறிவாளன் இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கப் படித்தேன். அந்தப் படபடப்பு அந்த வீட்டுக்கே உரியது. வேறொரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சங்கப் புலவர்கள் இந்தக் காத்திருப்பை அறிந்திருந்தார்கள். களவுக் காதலில் தலைவன் வருமுன் ஒரு குறி செய்வான். காற்றோ பறவையோ அதே ஒலியை எழுப்பிவிட்டால் தலைவி ஏமாந்து வந்து திரும்புவாள். அல்லகுறி என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். திணையும் துறையும் எல்லோருக்கும் பொது. ஒருவர் சொன்னதை இன்னொருவரும் சொன்னார். அப்படியிருந்தும் இயற்பெயர் தொலைந்த ஒருவரை, செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற அவருடைய ஒரே உவமையால் செம்புலப்பெயனீரார் என்று இன்றும் அழைக்கிறோம். பொதுச் சரக்கில் அவர் சேர்த்தது தான் பார்த்த மண்ணும் மழையும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்தவன் அவள் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பான். இரவில் களவாக வருகிறவன் நுழைவதும் அவளுடைய தாயின் வளவுக்குள்தான். கூட்டாளி கேட்டது இதைத்தான். எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது. என் பாட்டி, பெத்தா, சொல்லும் நாட்டார் கவிகளில் அந்தத் தாய் எப்போதும் இருந்தாள். வேலி இருந்தது, நாய் இருந்தது, திண்ணையில் கிடப்பவரின் இருமல் இருந்தது. யார் கட்டிய கவியென்று கேட்டால் பெத்தாவுக்குத் தெரியாது. ஒரு வாய் கேட்டதை மறுவாய் சொல்லி வந்ததுதான். களவாக வருகிறவன் வேலிக் கடப்படியில் கை வைக்கும் இடத்தில் பெத்தா நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுப்பா.

"பிறகு?"

"பிறகென்ன மனே, நாய் குரைக்குது."

இப்போது புதுக் கொப்பி ஒன்று தொடங்கியிருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. அவன் இன்னும் கடப்படிக்கு வெளியேதான் நிற்கிறான். உள்ளே அவளுடைய அம்மா பாய் விரிக்கிறா.