உழவாரத்துக்கு ஒரு சான்றிதழ்

பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகம் பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் சற்று உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். முகத்தில் தெளிவே இல்லை.

''மாமி, நான் செய்யறது பாவமா?'' என்றாள் எடுத்த எடுப்பில்!

விஷயம் இதுதான். அவள் பிள்ளை ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறான். அமெரிக்காவில் படிக்க ஆசை. நம் ஊரில் பெரும்பாலும் மார்க், கட்-ஆஃப் என்பதோடு முடிந்துவிடும். அங்கே பல கல்லூரிகளில், பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்தான் என்றும் கேட்கிறார்கள். 'காமன் அப்ளிகேஷன்' என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. அதில் இதற்கென்றே 10 இடங்கள். ஒவ்வொன்றிலும் செய்த வேலையை விவரிக்க வெறும் 150 எழுத்துகள்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கணக்கும் சொல்ல வேண்டும்.

''கோடை லீவில் கோயில் உழவாரப்பணிக்கு அனுப்புங்கள், தனியாகத் தெரியும்'' என்று யாரோ யோசனை சொல்ல, அடியார்கள் குழு ஒன்றோடு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய சிவன் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறாள். மதிலில் முளைத்த செடிகளை வெட்டினான், பிராகாரத்தைக் கழுவினான். கையெல்லாம் கொப்புளம். சான்றிதழும் வந்துவிட்டது. அதைப் பூஜை அறையில் வைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றதாம். 'சுவாமிக்குச் செய்ய வேண்டியதை காலேஜுக்காகச் செய்ய வைத்துவிட்டேனே!'

சின்னக் கேள்வி இல்லை இது. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் வள்ளல் ஆயைப் பற்றி முடமோசியார் பாடுகிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கும் வியாபாரி இல்லையாம் ஆய். பெரியவர்கள் போன வழி என்பதற்காகவே கொடுத்தானாம். மறுபிறவிப் பலனை எண்ணுவதே வியாபாரம் என்றால், அட்மிஷனை எண்ணுவதை என்னவென்று சொல்ல?

ஆனாலும் அவளிடம் 'பாவம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் மட்டும் என்ன! பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், வீட்டுக்காரருக்கு உடம்பு தேற வேண்டும் என்றுதானே விளக்கேற்றுகிறோம்? தன்னைத் தேடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கும் கண்ணன், கீதையின் ஏழாவது அத்தியாயத்தில், துன்பம் தீர வருபவனையும் பொருள் வேண்டி வருபவனையும் சேர்த்தே சொல்கிறான். ஞானிக்குத்தான் முதல் இடம். ஆனால் நால்வருமே உயர்ந்தவர்கள் என்கிறான்.

உழவாரம் என்றதும் நினைவுக்கு வரும் அப்பர் பெருமான் எதற்காகச் சிவனிடம் வந்தார்? வயிற்று வலி! சூலை நோய் தாங்காமல்தான் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தார். நோய் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரிய புராணம். வந்த காரணம் வேறு, நின்ற காரணம் வேறு. முதல் நாளே பொன்னைத் தூக்கி எறியும் மனசு வேண்டும் என்றால் நம்மில் எத்தனை பேர் கோயில் வாசலை மிதிக்க முடியும்?

இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. ''அப்போ மாமி, நாலு வாரத்தை எட்டு வாரம்னு போட்டுக்கலாமா? எல்லாரும் அப்படித்தான் போடறாளாம்...''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசையோடு வருவதைப் பகவான் பொறுத்துக்கொள்வார். செய்யாத நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கணக்கில் வைப்பார்? சொன்னதெல்லாம் உண்மை என்று பிள்ளைதான் உறுதி கொடுத்து அனுப்ப வேண்டும். பதினேழு வயதில் அவன் போடப்போகும் முதல் பெரிய கையெழுத்து. அது பொய்யாக இருக்க வேண்டுமா? கொப்புளம் அவன் கையில்தானே!

''பத்து இடத்தையும் ரொப்பணுமே மாமி?'' என்றாள் பரிதாபமாக. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நிறையச் செய்வதைவிட மனதாரச் செய்வதே மேல், வீட்டு மனிதர்களைக் கவனித்துக்கொள்வதையும் மதிக்க வேண்டும் என்று ஹார்வர்டின் கல்வியியல் துறையிலிருந்து 2016-ல் ஒரு அறிக்கையே வந்தது. அந்த விண்ணப்பத்திலும் குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகை இருக்கிறது.

அவள் மாமியார் இரண்டு வருஷமாகப் படுக்கையில். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் மாத்திரை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் வாசிப்பது இந்தப் பிள்ளைதான். அதைப் பணி என்று அந்த வீட்டில் யாரும் எண்ணியதே இல்லை. அவன் உட்பட!

ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்தது. உழவாரப்பணிக்கு நான்கு வாரம், வாரம் மூன்று மணி நேரம் என்று உள்ளபடியே எழுதினானாம். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம்தானா என்று அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். பாட்டி விஷயத்தை எழுத மட்டும் அவனுக்குக் கூச்சம். ''பாட்டியை விக்கற மாதிரி இருக்கும்மா'' என்றிருக்கிறான். கடைசியில் பாட்டியிடமே போய்க் கேட்டானாம்.

''தாராளமா எழுதிக்கோடா கண்ணா. அதுக்காக ஏழு மணி மாத்திரையை மறந்துடாதே'' என்றாளாம் அந்தக் கிழவி.