சரிகை ஒட்டிய கைகள்

கத்தரிக்கோலும் கோந்தும் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடக் கூடிய வேலை என்று ஒட்டுவேலையை அலட்சியமாகப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. படம் ஒருவர் வரைந்தது. துணி மற்றொருவர் நெய்தது. மணியும் ஜிகினாவும் கடைச் சரக்கு. இவற்றையெல்லாம் சேர்த்து ஒட்டியவருக்கு அதில் என்ன பாத்தியதை? சிறு கேள்விதான். ஆனால், ஒரு பொருளை 'என்னுடையது' என்று சொல்ல எது நமக்கு உரிமை தருகிறது என்ற பெரிய கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் தொடங்கினார். வண்ணத்துக்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து அச்சிட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. அரண்மனைகளில் மட்டுமே காணக் கிடைத்த எழில், லட்சுமியாகவும் சரஸ்வதியாகவும் சாதாரணக் குடும்பத்தின் பூஜையறைக்கு வந்து சேர்ந்தது.

வந்த படத்தை அப்படியே சட்டம் போட்டு மாட்டியவர்கள் பலர். செட்டிநாட்டு வீடுகளிலும் வேறு பல ஊர்களிலும் பெண்கள் அதோடு நிற்கவில்லை. தேவியின் சேலை மடிப்புக்கு ஏற்பத் துணியை வெட்டிப் பொருத்தினார்கள். கரைக்குச் சரிகை வைத்தார்கள். நகை இருந்த இடமெல்லாம் மணியும் ஜிகினாவும் மின்னின. முகத்தையும் கைகளையும் மட்டும் ஓவியர் தீட்டியபடியே விட்டுவிட்டார்கள்.

ஓவியரின் வண்ணத்தை மறைத்தது அவருக்குச் செய்த அவமதிப்பு ஆகாதா? கோயிலுக்குள் சென்று பாருங்கள். சிற்பி கல்லிலேயே ஆடையும் அணியும் செதுக்கியிருக்கிறான். ஆனாலும் அர்ச்சகர் அதன்மேல் பட்டு சாத்துகிறார். சிற்பியை அவர் பழித்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. செதுக்கிய ஆடை நாம் காண்பதற்கு. சாத்திய ஆடை நாம் செய்யும் தொண்டு. அந்தப் பெண்கள் செய்ததும் இத்தகைய அலங்காரமே.

தொண்டு செய்பவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. படத்தின் அடியில் ரவிவர்மாவின் பெயர் இருக்கிறது. சரிகை வைத்தவளின் பெயர் எங்கும் இல்லை. 'அவள்தான் கேட்கவில்லையே' என்று சமாதானம் சொல்கிறோம். பெயரை வேண்டாதது அவளுடைய பெருந்தன்மை. அவள் வேண்டவில்லை என்பதைச் சாக்கிட்டு நாம் விசாரிக்காமலே இருந்துவிட்டது எதில் சேர்த்தி? அடக்கம், அதை உடையவருக்கு அணி. அடுத்தவரிடம் அதை எதிர்பார்ப்பவருக்கோ அது வெறும் வசதி.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய படங்கள் இன்று விலைக்கு வருகின்றன. 'ரவிவர்மா படம்' என்று சொல்லி விற்கிறார்கள். சரிகை வேலை இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. அச்சுக்கூடத்தில் பிறந்தபோது அந்தப் படத்துக்கு அதே போன்ற உடன்பிறப்புகள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றைத் தனக்கு நிகர் தானேயாக ஆக்கியது பெயரில்லாத அந்தக் கைதான். எதையும் புதிதாகப் படைக்காமல், இருப்பதைச் சேர்த்தே அதைச் சாதித்தாள். கையில் கிடைத்ததில் எவ்வளவு நேரத்தையும் அன்பையும் செலுத்தினோமோ அந்த அளவுக்கு அது நம்முடையது. உரிமைக்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் செய்தது யாரென்று பெரியவர்களைக் கேளுங்கள். பாட்டியோ, பாட்டியின் நாத்தனாரோ, தெரிந்த பெயரைச் சட்டத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். புகைப்படங்களை வெட்டி ஒட்டி, ரிப்பன் கட்டி உங்கள் மகள் ஆல்பம் செய்கிறாளா? அதன் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல்லுங்கள்.