எனது, எமது, நமது

தமிழ் இலக்கணம் கற்பிக்கும்போது பிள்ளைகள் அடிக்கடி இடறும் இடமொன்று உண்டு. 'எமது', 'நமது' என்ற இரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாடே அது. கேட்பவரை விலக்கிவைத்துப் பேசினால் 'எமது'. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'நமது'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லின் மறைவில் எவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கல்கள் நடக்கலாம் என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டு அணிகளைப் பற்றி வாசித்தபோதுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

அங்கே ஓர் அணி ஒரு நகரத்தின் பெயரைச் சுமந்து விளையாடும். ஆனால் அந்நகரம் அணியின் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரு செல்வந்தர் அல்லது ஒரு குடும்பம். மைதானம் கட்ட வரிப்பணம் தேவைப்படும்போது அவர் மக்களிடம் வந்து 'நமது அணி' என்பார். வேறொரு நகரம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால் அதே அணி 'எனது அணி' ஆகிவிடும். இடையில் நிற்கும் மக்களுக்கு அந்த அணியில் உரிமை ஏதும் உண்டா? சட்டம் இல்லை என்கிறது. மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதே நம்முன் உள்ள வினா.

மேரிலாண்ட் மாநிலத்தின் துறைமுக நகரம் பால்ட்டிமோர். கோல்ட்ஸ் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணி 1953 முதல் அந்நகரின் பெயரில் விளையாடியது. 1972 இல் அது றொபேர்ட் ஏர்சே என்பவரின் கைக்கு வந்தது. பழைய மைதானத்தைப் பற்றி அவருக்கும் அரசுக்கும் நீண்ட இழுபறி நடந்தது. அதேவேளை இண்டியானாபொலிஸ் நகரமோ, தனக்கென்று ஓர் அணி கிடைப்பதற்கு முன்பே கூரையிட்ட பெரிய மைதானமொன்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. அணியை நகரமே சுவீகரித்துக்கொள்ள அதிகாரமளிக்கும் சட்டமொன்றை மேரிலாண்ட் சட்டசபை அவசரமாகக் கொண்டுவந்தது. சொந்தக்காரர் காத்திருக்கவில்லை. 1984 மார்ச் 28 ஆம் திகதி இரவு, பனி கொட்டிக்கொண்டிருக்க, வரிசையாக லொறிகள் வந்தன. தலைக்கவசம் முதல் அலுவலகத் தளபாடம் வரை யாவும் ஏற்றப்பட்டன. விடிந்தபோது பால்ட்டிமோருக்கு அணி இருக்கவில்லை.

ஆனால் ஒன்று எஞ்சியிருந்தது. கோல்ட்ஸ் அணிக்கென ஒரு பேண்ட் வாத்தியக் குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் நகரத்தின் சாதாரண மனிதர்கள். அவர்களின் சீருடைகள் அன்று லொண்டரிக்குப் போயிருந்தமையால் லொறிகளில் ஏறாமல் தப்பின. அணி இல்லாத அணியின் வாத்தியக் குழுவாக அவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்வலங்களிலும் வேற்று நகர மைதானங்களிலும் வாசித்தார்கள். சொந்தக்காரர் எடுத்துச் சென்றது எது, எடுத்துச் செல்ல முடியாமற்போனது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாம். முடியவில்லை. இழந்த பால்ட்டிமோர் இன்னோர் அணியைத் தேடியது. லொத்தர் வருமானத்தைக் கொண்டு மைதானம் கட்டித்தர மேரிலாண்ட் அரசு ஆயத்தமாக இருந்தது. 1995 நவம்பர் 6 ஆம் திகதி, கிளீவ்லாண்ட் நகரின் பிறவுண்ஸ் அணியைப் பால்ட்டிமோருக்குக் கொண்டுவரப் போவதாக அதன் சொந்தக்காரர் ஆர்ட் மொடெல் அறிவித்தார். மறுநாள் கிளீவ்லாண்டில் ஒரு வாக்கெடுப்பு. மதுபானத்துக்கும் சிகரட்டுக்குமான வரியை நீடித்து, அதே அணியின் மைதானத்தைத் திருத்துவதா என்பதே கேள்வி. போவதென்று தெரிந்த பிறகும் மக்கள் பெரும்பான்மையாக 'ஆம்' என்றே வாக்களித்தார்கள்.

லொறி வந்த இரவின் வேதனையை அறிந்த நகரம், அதே வேதனையை இன்னொரு நகரத்துக்குக் கொடுத்தது. பால்ட்டிமோர் மக்களை நான் குற்றம் சொல்லத் துணியமாட்டேன். பன்னிரண்டு வருடப் பசி நியாயங்களைத் தேடிக்கொள்ளும். ஆனால் அநீதி இழைக்கப்பட்டவன் தன் ஆறுதலுக்கு இன்னொருவனுக்கு அநீதி இழைப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதபடி ஓர் ஏற்பாடு அமைந்திருந்தால், அந்த ஏற்பாட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு இதுதான். இன்று அந்த லீக்கில் இருப்பவை 32 அணிகள். எத்தனை அணிகள் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அந்த அணிகளின் சொந்தக்காரர்களே. அணி வேண்டும் என்று ஏங்கும் நகரங்களை விட அணிகள் எப்போதும் குறைவாகவே வைக்கப்படும். சந்தையில் சாமானைப் பதுக்கினால் விலை ஏறுவது போல, காலியாக ஒரு நகரம் காத்திருக்கும்வரை ஏனைய நகரங்கள் அச்சத்தில் அள்ளிக் கொடுக்கும்.

கொடுத்தால் நகரம் செழிக்கும் என்பது வழக்கமான வாக்குறுதி. றொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் தொகுத்து 1997 இல் வெளிவந்த ஆய்வு நூல் அதை ஏற்கவில்லை. காரணம் எளிமையானது. மைதானத்தில் ஒரு குடும்பம் செலவிடும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதே நகரின் சாப்பாட்டுக் கடைக்கோ திரையரங்குக்கோ போகவிருந்த பணமே அது. வீரர்களின் பெருஞ் சம்பளமும் பெரும்பாலும் ஊரில் தங்குவதில்லை. உதைபந்தாட்ட மைதானத்தில் வருடமொன்றுக்குப் பத்துப் போட்டிகளளவே நடைபெறும். சென்ற் லூயிஸ் நகரம் கட்டிய மைதானத்துக்கு 1995 இல் வந்த அணி 2016 இல் லொஸ் ஏஞ்சல்சுக்கே திரும்பிப் போனது; அணி போன பிறகும் மைதானக் கடன் போகவில்லை. வழக்காடி, 2021 இல் 790 மில்லியன் டொலர் இணக்கத் தொகை பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லா நகரங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

சொந்தக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நட்டத்தில் கடை நடத்தும்படி ஒருவரை வற்புறுத்தலாமா? கூடாதுதான். ஆனால் கடைக்காரர் விற்பது அவர் கொள்முதல் செய்த சாமானை. அணியின் சொந்தக்காரர் விலை பேசுவதோ, தகப்பன் பிள்ளையைத் தோளில் சுமந்து மைதானத்துக்குக் கூட்டிச்சென்ற ஞாயிற்றுக்கிழமைகளை. அவற்றை அவர் உற்பத்தி செய்யவில்லை. அவை அவர் கையில் இருந்த அமானிதம். அமானிதத்தைக் காட்டிப் பேரம் பேசுவது வியாபாரத் திறமை அல்ல.

இதை ஓரளவேனும் ஒப்புக்கொண்ட முன்னுதாரணமும் அங்கேயே உண்டு. கிளீவ்லாண்ட் விட்டுக்கொடுக்கவில்லை. 1996 இல் செய்யப்பட்ட இணக்கத்தின்படி வீரர்கள் போனார்கள். பெயரும் நிறமும் பழைய வெற்றிகளின் பதிவேடும் நகரத்திலேயே தங்கின. 1999 இல் புதிய அணி அதே பெயரில் களமிறங்கியது. பால்ட்டிமோருக்குப் போனவர்கள் றேவன்ஸ் என்ற புதுப்பெயர் பூண்டார்கள். விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் கிறீன் பே என்ற சிறு நகரம் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது. அதன் பக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குடைமையில் இருக்கிறது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களில் எவருக்கும் இலாபப் பங்கு இல்லை. அணியை விற்றாலும் பணம் தர்ம காரியங்களுக்கே போகும். ஆகவே விற்பதில் எவருக்கும் இலாபமில்லை. அணி ஊரைவிட்டு அசையவில்லை. ஆனால் இன்னொரு நகரம் அதே வழியைப் பின்பற்ற லீக்கின் இன்றைய விதிகள் இடந்தருவதில்லை. வழி இல்லாமல் அல்ல, வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

நமது நாட்டுக்கும் இது முற்றிலும் தூரத்துக் கதையல்ல. 2020 இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஊர்ப்பெயர் தாங்கிய அணிகள் வந்தன. பெருந்தொற்றுக் காலமாதலால் போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையிலேயே நடந்தன. பின்னர் சொந்தக்காரர்கள் மாற, அணிகளின் பெயர்களும் மாறின. ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயரை இரவல் கொடுத்த ஊரிடம் எவரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பால்ட்டிமோரின் வாத்தியக் குழுவுக்கு 1996 இல் மீண்டும் ஓர் அணி கிடைத்தது. பன்னிரண்டு வருடம் காத்தவர்களின் மகிழ்ச்சியை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனாலும் முதல் நாள் முரசு கொட்டியபோது, கிளீவ்லாண்டில் வெறுமையாகிப்போன ஒரு மைதானம் அவர்களின் நினைவுக்கு வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. வந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஏனெனில் அந்த வெறுமையை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. 'எனது' என்பதிலிருந்து 'எமது' என்பதற்கு வர ஓர் ஊர்ப்பற்றுப் போதும். 'எமது' என்பதிலிருந்து 'நமது' என்பதற்கு வருவதற்கு, நாம் வாங்கும் பொருள் யாருடைய வாசலிலிருந்து தூக்கிவரப்பட்டது என்று ஒருதரம் கேட்க வேண்டியிருக்கிறது.