உயிராற்றல் என்று ஒன்று உண்டா?

உயிருள்ளதை உயிரற்றதிலிருந்து பிரிப்பது ஒரு தனி ஆற்றலா, பருப்பொருளின் அமைப்பா என்பது தத்துவத்தின் பழைய வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் அது ஈஸ்டை முன்வைத்து நடந்தது. சர்க்கரை சாராயமாவது உயிருள்ள ஈஸ்டின் செயல், உயிரின்றி நொதித்தல் இல்லை என்றார் லூயி பாஸ்டர். வெறும் வேதிச் சிதைவுதான் என்றார் லீபிக். 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் எதுவும் இல்லாத சாற்றை எடுத்தார். கெடாமலிருக்க அதில் சர்க்கரையைச் சேர்த்தபோது குமிழிகள் கிளம்பின. சாராயமும் கரியமில வாயுவும் உண்டாயின.

அந்த வேலையைச் செய்தவை நொதிகள். எந்த வினையும் தொடங்க ஓர் ஆற்றல் தடையைத் தாண்டியாக வேண்டும். நொதியின் குழிவில் வந்து பொருந்தும் மூலக்கூறுக்கு அந்தத் தடை தாழ்கிறது. ரத்தச் சிவப்பணுவிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்குச் சுமார் 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றவல்லது. ஆனாலும் நொதி வேகத்தை மட்டுமே கூட்டும். வினையின் சமநிலையை மாற்றாது.

செல்லின் சவ்வில்தான் கேள்வி கடினமாகிறது. அது தேர்ந்தெடுப்பதுபோல் தோன்றுகிறது. கொழுப்பாலான இரட்டை அடுக்கை ஆக்ஸிஜன் தானே ஊடுருவும். மின்னூட்டமுள்ள அயனிக்குப் புரதக் கால்வாய் வேண்டும். பொட்டாசியம் கால்வாயோ பொட்டாசியத்தை விட்டு, அதைவிடச் சிறிய சோடியத்தைத் தடுக்கிறது. பெரியது நுழையும் வாசலில் சிறியது ஏன் நிற்கிறது? 1998இல் ராடரிக் மக்கின்னன் கால்வாயின் வடிவத்தைக் கண்டறிந்து விடை தந்தார். கரைசலில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கால்வாயின் மிகக் குறுகிய பகுதியில் வரிசையாக நிற்கும் ஆக்ஸிஜன் அணுக்கள், பொட்டாசியம் உதறிவிட்டு வரும் நீரின் இடத்தை ஈடுசெய்கின்றன. சிறிய சோடியத்துக்கு அவை எட்டுவதில்லை. நீரை இழந்து உள்ளே வருவது அதற்குக் கட்டுப்படியாகாது. அறிவு இல்லாமலே தெரிவு நடந்துவிடுகிறது.

சவ்வின் உள்ளும் புறமும் சோடியமும் பொட்டாசியமும் சமமின்றி இருக்கின்றன; இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கச் செலவும் உண்டு. ஜென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பை ஆராய்ந்து 1957இல் அறிவித்த பம்பு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஏடிபி தீர்ந்தால் உள்ளும் புறமும் மெல்லச் சமமாகும்; செல் சாகும்.

இதனால் சமயங்களின் உயிர்க் கொள்கை வீழ்ந்தது என்பது அவசர முடிவு. எந்தக் கொள்கை என்று முதலில் கேட்க வேண்டும். உடலின் வேதியியலை நடத்தும் விசையாக உயிரைக் கருதிய ஐரோப்பிய வாதம் புக்னரிடம் தோற்றது உண்மை. சைவ சித்தாந்தம் உயிரை அப்படி வரையறுக்கவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் உயிர் அறியும் பொருள்; ‘என் உடல்’ என்று ஒருவர் சொல்வதே அதற்குச் சான்றாகிறது. உடலோ மாயையிலிருந்து தோன்றிய சடம். சடம் தானாக இயங்காது, இறைவன் சக்தியால் இயங்கும் என்பதும் அதன் நிலைப்பாடு. ஆனால் அந்த வாதம் உலகம் முழுமைக்கும் உரியது, ஈஸ்டுக்கு மட்டும் அன்று. எனவே நொதியும் கால்வாயும் இக்கொள்கையை மறுக்கவில்லை. செல்லின் நுட்பத்தைக் காட்டி ஆன்மாவை மெய்ப்பிக்கும் சொற்பொழிவுகளுக்கும் அவை உதவாது. சோடியம் நரம்புக்குள் எப்படிப் பாய்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்தப் பாய்ச்சல் ஏன் வலியாக உணரப்படுகிறது என்பதற்கு உயிரியலிடம் இன்னும் விடை இல்லை.