உடன் வாழ்தல் எனும் அமானிதம்

மனிதனுக்கு ஊர் எது? பிறந்த மண்ணா, பிழைக்கும் மண்ணா, உள்ளம் திரும்ப விழையும் மண்ணா? பயணி எப்போது தொழுகையைச் சுருக்கலாம் என்று ஆராய்ந்த நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எடுத்துக்கொண்டனர். ஓரிடத்தில் 15 நாட்கள் தங்க நிய்யத்துக் கொண்டவன் அவ்வூர்வாசி ஆவான் என்பது ஹனபி மத்ஹபு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் என்பது ஷாபிஈ மத்ஹபு. கணவனுடன் பயணம் செய்யும் மனைவி, தங்குவதில் அவனது நிய்யத்தையே பின்பற்றுவாள் என்றும் ஹனபி நூல்கள் கூறும். நாள், நிய்யத்து, துணை ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே எண்ணப்பட்டன.

இன்று அதே வினா குடிவரவு அலுவலகங்களில் எழுகிறது. கனடாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், எந்த 12 மாத காலத்திலும் 183 நாட்களுக்கு மேல் வெளியே தங்கிய நிரந்தர வசிப்பாளரை, நாட்டைக் கைவிடும் எண்ணம் கொண்டவராகவே கருதியது. அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டமோ உள்ளத்தை அளப்பதை விடுத்து நாட்களை எண்ணத் தொடங்கியது. 5 ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருத்தல் வேண்டும். அதனுடன் ஒரு சலுகையும் தரப்பட்டது. கனடாக் குடியுரிமை பெற்ற கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் வாழும் நாட்களும் அக்கணக்கில் சேரும். குடிமகனாகிய கணவனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, அவனுடன் சென்று ஆண்டுக்கணக்கில் இல்லறம் நடத்தும் மனைவி, அதனால் வசிப்புரிமையை இழக்க வேண்டியதில்லை.

இச்சலுகையின் அடியில் உயர்ந்த கருத்தொன்று உண்டு. துணையா, வசிப்புரிமையா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை. இருவர் சேர்ந்து வாழும் இல்லமும் ஒருவகையில் தாயகமே எனச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் ‘உடன் செல்லுதல்’ என்னும் சொல் வழக்குகளுக்கு வித்தாயிற்று. வழக்கமாகச் சேர்ந்து வசிப்பதே அதன் பொருள் என்கிறது விதிமுறை. ஆனால் யார் யாருடன் சென்றார்? கனடாவை விட்டுப் புறப்பட்ட குடிமகனைத் தொடர்ந்து மனைவி சென்றாளா? அன்றி, கனடாவில் ஒருபோதும் நிலைத்து வாழாத மனைவியின் ஊருக்கு அவன் வந்து சேர்ந்தானா? இவ்வினா அதிகாரிகள் முன்னும் நீதிமன்றங்களிலும் எழுந்துள்ளது. விடைகள் எப்போதும் ஒன்றுபோல் அமையவில்லை. நாட்களை மட்டும் எண்ணப் புகுந்த சட்டத்தினுள் நிய்யத்து மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது.

சலுகையைப் பயன்படுத்துவது தவறா? தவறன்று. மனித உள்ளத்தில் எண்ணங்கள் கலந்தே இருக்கும். அன்பினாலும் பிள்ளைகளின் எதிர்காலம் கருதியும், வசிப்புரிமை நிலைக்க வேண்டும் என்ற கணக்கினாலும் ஒருத்தி கணவனுடன் வாழலாம். இதில் கலப்பற்ற தூய்மையை எவரும் கேட்க இயலாது. கேட்க வேண்டியது செயலின் உண்மை ஒன்றே: அவர்கள் மெய்யாகவே சேர்ந்து வாழ்கின்றனரா?

கணவன் ஒரு நாட்டிலும் மனைவி வேறொரு நாட்டிலும் வாழ்ந்துவிட்டு, விண்ணப்பத்தில் மட்டும் ஒரே கூரையின் கீழ் இருந்ததாக எழுதினால் அது பொய். “யாருக்கு என்ன நட்டம்?” என்பார் சிலர். நட்டம் உண்டு. ஒரு பொய் வெளிப்படுந்தோறும் அடுத்து வரும் விண்ணப்பத்தின் மேல் ஐயம் படிகிறது. உண்மையாகவே கணவனுடன் வாழ்ந்த பெண், வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் அடுக்கித் தன் இல்லறத்தை மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். யாரோ சொன்ன பொய்க்கு அவள் விலை கொடுக்கிறாள்.

இதனினும் மறைவான தீங்கு வீட்டினுள்ளே நிகழக்கூடும். ஒருவரது உரிமை மற்றவரின் குடியுரிமையைச் சார்ந்து நிற்கையில், உறவில் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடுகிறது. பிரிந்து வாழத் தொடங்கினால் வெளிநாட்டு நாட்கள் கணக்கில் ஏறுவது நின்றுவிடும். இதனை அறிந்த கணவன், “நான் இல்லையேல் உனக்கு அந்த நாடே இல்லை” என்று சொல்லுவானாயின், சட்டம் தந்த நிழலை அவன் சாட்டையாக்குகிறான். மனைவி குடிமகளாகவும் கணவன் சார்ந்திருப்பவனாகவும் அமைந்தாலும் நீதி இதுவே. குழந்தைகளின் நலனையும் இரக்கத்துக்குரிய சூழல்களையும் எண்ணிப் பார்த்து, நாட்கள் குறைந்தவருக்கும் உரிமையை விட்டுவைக்க அச்சட்டத்தில் இடமுண்டு. அயல்நாட்டுச் சட்டம் காட்டும் அந்த இரக்கத்தைக் கட்டிய துணை காட்ட மறுப்பது எவ்வளவு பெரிய வறுமை!

அமானிதம் என்பது பொன்னும் பொருளும் மட்டுமன்று. ஒருவரின் வாக்கை நம்பி மற்றவர் அளிக்கும் எதுவும் அமானிதமே. “இவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள்” என்ற சொல்லை நம்பி ஒரு நாடு தன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பொய்க்கணக்கு எழுதுகிறவர் அந்த நாட்டின் நம்பிக்கைக்குக் கேடு செய்கிறார். உரிமையைக் காட்டி அச்சுறுத்துகிறவர் துணையின் நம்பிக்கைக்குக் கேடு செய்கிறார். இருவரும் குலைப்பது உடன் வாழ்தல் என்னும் ஒரே பொருளைத்தான். 730 நாட்களை எண்ணிச் சரிபார்க்க அலுவலர்கள் இருக்கிறார்கள். அந்நாட்களில் ஒருவர்க்கொருவர் எப்படி வாழ்ந்தோம் என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.